ஏலகிரியிலிருந்து அமிர்திக்கு நடந்தே போக ஒரு வழி

திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும் வன அலுவலர்களுக்கும்,

வணக்கம். ஏலகிரியில் தொடங்கி, ஜலகாம்பாறையில் இறங்கி, அப்புறம் ஜவ்வாது மலை ஏறி, புதூர்நாடு, காவலூர், ஜமுனாமரத்தூர் வழியாக அமிர்தி வரை பல நாள் நடக்க ஒரு மலைவழி கேட்டு எழுதுகிறேன். புதிதாக மலையை வெட்ட வேண்டாம். இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்த ஒற்றையடிப் பாதைகளைத் தேடி இணைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

2024இல் அரசு 40 மலையேற்ற வழிகளை அறிவித்தபோது ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் இருந்தன. சந்தோஷம். ஆனால் இவை காலையில் ஏறி மாலைக்குள் முடிந்துவிடுகிற துண்டுகள். 1989 வரை இந்த மலைகள் எல்லாம் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. இன்று மூன்று மாவட்டங்கள். அனுமதிக்கு மூன்று அலுவலகம் ஏறி இறங்கச் சொன்னால் அதுவே பெரிய மலையேற்றம். ஒரே சீட்டாகக் கொடுங்கள்.

வழியை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் சுமார் 3,500 கி.மீ. நீளும் அப்பலாச்சியன் தடத்தை 1921இல் பென்டன் மெக்காய் முன்மொழிந்தார். 1937இல் அது முழுமையானது. இன்றும் ஒவ்வொரு பகுதியிலும் புதர் வெட்டி, அடையாளம் தீட்டுவது பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களின் தன்னார்வலர்கள்தான். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. வேலூர்ப் பக்கம் நாகநதிக்காக நிலத்தடி நீரைச் செறிவூட்டும் கிணறுகள் அமைத்தது 100 நாள் வேலைப் பெண்கள்தானே?

அதனால் ஒவ்வொரு ஊருக்கும் அதன் எல்லைக்குள் வரும் தடத்தை ஒப்படையுங்கள். வழி எங்கே போகலாம், எந்தக் கோயில்காட்டுக்குள் போகக்கூடாது என்பதைக் கிராம சபை சொல்லட்டும். 2006 வன உரிமைச் சட்டம் அந்தச் சபைக்குக் காட்டில் ஒரு குரல் கொடுத்திருக்கிறது. கட்டணத்தில் பெரும்பங்கு ஊரிலேயே தங்கட்டும். வழிகாட்டியும் சாமைச் சோறும் தங்க ஒரு திண்ணையும் அங்கேயே கிடைக்கும். ரிசார்ட்டும் கண்ணாடிப் பாலமும் தயவுசெய்து வேண்டாம்.

மலையேறியவர்களைப் பலிகொண்ட 2018 குரங்கணிக் காட்டுத்தீயை மறக்க முடியாது. புல் காய்ந்த கோடை மாதங்களில் வழியை மூடிவிடுங்கள். ஊர் இளைஞர்களுக்குத் தீத்தடுப்புப் பயிற்சி கொடுங்கள். காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் பக்கம் தங்குகிறவர்கள் இரவில் பெரிய விளக்கு போடக்கூடாது என்ற விதியும் வேண்டும்.

முதலில் புதூர்நாட்டுக்கும் காவலூருக்கும் இடையே மட்டும் செய்து பார்க்கலாம். சரி, அதற்கு முன் ஜமுனாமரத்தூரில் ஒரு கூட்டம் போடுங்கள். மலை ஊர்ப் பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். எங்களைப் போன்ற ட்ரெக்கிங்காரர்கள் பின்னால் இருந்து கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து மலைக்கு வரும் ஒருவர்