அப்புச்சியின் பேனாக்கத்தி எந்த வருடத்தது?

கண்ணு,

போன வாரம் போனில் கேட்டாயே, ஊரிலிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது அப்புச்சி கத்தியைக் கொடுத்துவிடம்மா, லீட்ஸில் பாலிஷ் போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டுகிறேன் என்று. அன்றைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பீரோவைத் திறந்து எடுத்து, நாலு ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொடுத்து விடுகிறேன், ஆனால் பாலிஷ் மட்டும் வேண்டாம். காரணத்தைப் போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டில் சொல்லும் கதை உனக்குத் தெரியும். விக்டோரியா ராணி காலத்தில், எங்க அப்பாருவோட, அதாவது என் தாத்தாவோட, அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை பரிசாகக் கொடுத்தது, பிடி மான்கொம்பு. உன் அப்புச்சி, அதான் எங்க அப்பா, இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. நானும் நம்பித்தான் உனக்குச் சொன்னேன்.

கத்தி வேறு சொல்கிறது.

பெரிய அலகைத் திறந்தால், அலகு கூராகத் தொடங்குவதற்கு முன்னால், பிடியை ஒட்டி ஒரு கட்டைப் பகுதி இருக்கும் பார், முத்திரை அங்கேதான் அடித்திருக்கிறார்கள். உன் மாமா பல வருடத்துக்கு முன்னால் சந்தையில் ஒரு சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்ததில் அந்த எழுத்தில் ஒரு ஓரம் தேய்ந்துபோய்விட்டது, எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மிச்சம் இருந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் திருநீற்றை விரலால் தடவி, மேலாகத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் எழுத்து எழும்பி வந்துவிட்டது. ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு சிலுவை, ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், அதற்குக் கீழே கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி, அதாவது ராஜாவுக்குக் கத்தி செய்கிறவர்கள் என்று. பின்பக்கம் நடுவில் கிரீடம், இரண்டு பக்கமும் ஜி, ஆர் என்று இரண்டு எழுத்து, அப்புறம் ஷெஃபீல்டு, இங்கிலாந்து.

ராட்ஜர்ஸ் என்றால் அந்தக் காலத்தில் கத்திக்கே பேர் மாதிரி. நட்சத்திரமும் சிலுவையும் 1764இல் அவர்களுக்குக் கிடைத்த முத்திரை. இந்தியாவுக்கு ஏராளமாக அனுப்பினார்கள், அதனாலேயே போலியும் ஏராளம். பேரில் ஒரு எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, கிட்டத்தட்ட அதே மாதிரி அடித்து விற்றவர்கள் உண்டு. அதனால் முதலில் Rodgers என்பதில் நடுவில் வரும் 'டி' (d) எழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

அரண்மனைக்குக் கத்தி செய்து தரும் அனுமதி 1822இல் ராட்ஜர்ஸுக்குக் கிடைத்தது. அதிலிருந்து அந்தந்த ராஜா ராணியின் எழுத்தைக் கத்தியில் அடித்தார்கள். விக்டோரியா என்றால் வி, ஆர். எட்வர்டு என்றால் இ, ஆர். ஜார்ஜ் என்றால் ஜி, ஆர். நம் கத்தியில் வி இல்லை. 'ஹிஸ்' என்று போட்டிருப்பதே போதும் கண்ணு, ராணியாக இருந்தால் 'ஹெர்' என்றுதான் அடித்திருப்பார்கள். விக்டோரியா கதை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. எனக்குக் கொஞ்ச நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஜார்ஜ் என்று தெரிந்தாலும் எந்த ஜார்ஜ் என்று தெரியவில்லை. 1822க்கு அப்புறம் மூன்று ஜார்ஜ் இருந்திருக்கிறார்கள். நான்காம் ஜார்ஜ் 1830 வரை, ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 வரை, ஆறாம் ஜார்ஜ் 1936 முதல் 1952 வரை. இதில் நான்காம் ஜார்ஜைத் தள்ளிவிடலாம், ஏனென்றால் 'இங்கிலாந்து' என்று நாட்டுப் பேர் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று போட்டாக வேண்டும் என்று 1890இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்கு அப்புறம்தான் ஷெஃபீல்டுக்காரர்கள் நாட்டுப் பேரை வழக்கமாக அடிக்க ஆரம்பித்தார்கள். மிச்சம் இரண்டு ஜார்ஜ், 42 வருடம்.

இங்கே நான் ஒரு தப்புப் பண்ணப் பார்த்தேன். அலகு கறுத்திருக்கிறது, மாங்காய் கீறியும் எலுமிச்சை வெட்டியும் ஏறிய கறுப்பு, அப்படியென்றால் துருப்பிடிக்காத எஃகு இல்லை, அந்த எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல், ஆகவே கத்தி அதற்கு முந்தியது என்று நோட்டில் எழுதியே விட்டேன். மறுநாள் அடித்துவிட்டேன். ஸ்டெயின்லெஸ் என்று கத்தியில் இருந்தால் 1913க்குப் பிந்தியது என்று தைரியமாகச் சொல்லலாம், இல்லை என்பதால் முந்தியது என்று சொல்ல முடியாது. பழைய எஃகில் பேனாக்கத்தி செய்வதை அதற்கு அப்புறமும் அவர்கள் நிறுத்தவில்லை.

பிடிக்கு வருகிறேன். மான்கொம்பு இல்லை, எலும்பு. மான்கொம்பாக இருந்தால் மேலே ஓடும் வரி மரப்பட்டை மாதிரி தன் போக்கில் இருக்கும், ஒரு பக்கம் மாதிரி இன்னொரு பக்கம் இருக்காது. இதில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் வரிசையாகக் கொத்தியிருக்கிறது, மிஷினில் கொத்திச் சாயம் ஏற்றியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், உயிரோடு இருந்தபோது ரத்தம் ஓடிய துவாரங்கள் அவை. செல்லுலாய்டாக, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்காக, இருந்தால் புள்ளி இருக்காது, விரலால் சூடு பறக்கத் தேய்த்தால் சூடம் வாசனை வரும். யாராவது சூட்டு ஊசியால் குத்திப் பார் என்று சொன்னால் கேட்காதே, செல்லுலாய்டு தீப்பிடிக்கும். இப்படிப் பிடிக்குப் போடுவது பெரும்பாலும் மாட்டுக் காலெலும்பு. நம் அப்பத்தாவுக்கு அது தெரிந்திருந்தால் கத்தியை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். மான்கொம்பு இல்லாததும் ஒரு வகையில் நல்லதுதான், வனவிலங்குச் சட்டம் இருக்கிறபோது அதையெல்லாம் நாடு தாண்டி அனுப்புவதில் சிக்கல் வரும்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கான விஷயம். பரணில் இருந்த தகரப் பெட்டியில் எங்க அப்பாருவோட கணக்கு நோட்டு இருக்கிறது, உனக்குக் காட்டியிருக்கிறேன், மஞ்சள் விற்றது, ஆள் கூலி எல்லாம் இருக்குமே. கத்தியைப் பற்றி ஏதாவது இருக்குமா என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஸ்ரீமுக வருடம் ஆடி மாதம், அந்தியூர் குருநாதசாமி தேர்ச் சந்தையில் ஒரு ஜோடிக் காளை விற்ற வரவு. அதே பக்கத்தில் செலவுப் பக்கம், சர்க்கரை, கயிறு, மணி, அதற்குக் கீழே 'ராசர்சு பேனாக்கத்தி 1க்கு ரூ. 1-4-0'.

அதைப் படித்துவிட்டு நோட்டை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்ரீமுக 60 வருடத்துக்கு ஒரு தடவை வரும். 1873, 1933, 1993. நோட்டை மட்டும் வைத்தால் 1873ஆகவும் இருக்கலாம் என்று யாராவது வாதாடுவார்கள். ஆனால் 1873 விக்டோரியா காலம், நம் கத்தியில் 'ஹிஸ்' இருக்கிறது. கத்தியை மட்டும் வைத்தால் 1910 முதல் 1952 வரை எதுவும் சொல்லலாம், ஆனால் அந்த 42 வருடத்துக்குள் ஸ்ரீமுக ஒரே ஒரு தடவைதான் வருகிறது. 1933 ஆடி, ஐந்தாம் ஜார்ஜ் காலம். நோட்டில் இருப்பது இதே கத்திதானா என்று நீ கேட்பாய். வீட்டில் வேறு ராட்ஜர்ஸ் கத்தி இருந்ததாக யாரும் சொன்னதில்லை, இதில் இருக்கும் ஒரு குறியும் அந்த வருடத்தோடு மோதவில்லை. எனக்கு அது போதும்.

துரை கொடுக்கவில்லை கண்ணு. தன் மாட்டை விற்ற காசில், தனக்குப் பிடித்து, ஒன்றேகால் ரூபாய் கொடுத்து அப்பாரு வாங்கியிருக்கிறார். எனக்குத் துரை கதையை விட இது ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. அவர் வெற்றிலைக் காம்பு நறுக்கியதும், உன் அப்புச்சி எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்ததும் இதில்தான்.

இதைத் தேடும்போது தெரிந்துகொண்ட இன்னொன்று. சேலத்து இரும்புத்தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்திய ஜோசையா ஹீத் என்ற ஆங்கிலேயர், ஊர் திரும்பி 1839இல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு எஃகு விலை குறைந்ததற்கு அது பெரிய காரணம். அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை, வழக்காடியே காலம் போயிற்று.

பாலிஷ் ஏன் வேண்டாம் என்று இப்போது புரிந்திருக்கும். சாணையில் ஒரு ஓரம் போனதே போதும், சக்கரத்தில் இன்னொரு தடவை பிடித்தால் கிரீடமும் எழுத்தும் போய்விடும், அப்புறம் எதை வைத்து யார் வருடம் சொல்வது? கறுப்பு அப்படியே இருக்கட்டும். செந்துரு தெரிந்தால் மட்டும் மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுத் துடை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப்போகும், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், மடங்கும் இடத்திலும் வில்லிலும். தோல் உறையில் போட்டு வைக்காதே, தோல் பதனிடும் சரக்கே இரும்பைத் துருவாக்கும்.

உன் சித்தி மகன் அடுத்த மாதம் வருகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன், கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். கணக்கு நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கத்தியோடு சேர்த்து அதையும் சட்டத்துக்குள் வை. ஷெஃபீல்டு உனக்குப் பக்கம்தானே, கெல்ஹாம் தீவு மியூசியத்தில் பழைய கத்திகள் நிறைய வைத்திருக்கிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, நம் கத்தி மாதிரி ஏதாவது இருந்தால் எனக்குப் போட்டோ அனுப்பு.

அம்மா