கேபிளைக் கையால் செய்யலாம், பழியை அதன்மேல் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில் கார் ஸ்டீரியோ பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன், முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை எரிச்சலோடு. ஸ்பீக்கரில் 'ஞொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தால் முன்னால் டாஷ்போர்டில் இருக்கும் ஹெட் யூனிட் என்ற பாட்டுப் பெட்டியிலிருந்து டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு (சுருக்கமாக ஆம்ப்) சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள்தான் காரணம், கொஞ்சம் விலை கூடுதலாக ஒன்றை வாங்கி மாட்டுங்கள், போய்விடும் என்று எழுதியவர் நாலே வரியில் முடித்துவிட்டார். அடுத்த பத்தியில், கேபிளை வீட்டிலேயே செய்வதெல்லாம் வேலைக்கு ஆகாத ஆசை என்று ஒரு குத்து வேறு. இரண்டுமே தப்பு. இரண்டிலும் கை சுட்டவன் என்பதால் எழுதுகிறேன். சால்டரிங் அயர்னில் நிஜமாகவே சுட்டுக்கொண்டது தனிக் கதை.

என் காரிலும் அந்த ஞொய்ங் இருந்தது. வண்டி நிற்கும்போது மெல்ல, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறிக்கொண்டே போகும், காலை எடுத்தால் இறங்கும். பாட்டு ஓடும்போது தெரியாது; ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இரண்டு மூன்று வினாடியில் கொசு மாதிரி காதருகே வந்து நிற்கும். ஸ்டீரியோ மாட்டிக்கொடுத்தவரிடம் போனேன். கேபிள் சரியில்லை என்று மாற்றினார். அப்படியே இருந்தது. விரல் தடிமனில் இன்னொன்றைப் போட்டார். அதுவும் அப்படியே. மூன்றாவதை நானே தேடி வாங்கினேன். அப்புறம் ரோஷம் வந்து நான்காவது கேபிளை நானே செய்தேன். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், நான் செய்ததிலும் அதே ஞொய்ங்.

அன்றைக்குத்தான் கேபிளை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க ஆரம்பித்தேன். கேபிளைத் தரை விரிப்புக்கு அடியில் விடாமல், சீட்டுகளின் மேலேயே முன்னாலிருந்து டிக்கி வரை தொளதொளவென்று போட்டு எஞ்சினை ஓடவிட்டேன். சத்தம் குறையவில்லை. ஆக, பவர் வயரை ஒட்டிப் போவதால் வரும் தொல்லை இல்லை. பிறகு இரண்டு ஆர்சிஏ பின்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்து, ஆம்பை அணைத்துவிட்டு, கேபிளைக் கழற்றிய இடத்தில் அவற்றைச் சொருகினேன். மறுபடி ஆம்பைப் போட்டால் நிசப்தம். இப்படிச் செய்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் கோளாறு ஆம்பிலோ அதற்கு வரும் பவரிலோ இருக்கிறது. நின்றுவிட்டால் ஆம்பின் உள்ளே பழுதில்லை, கேபிள் வந்து சேர்ந்த பிறகு உண்டாகும் ஏதோ ஒரு சுற்றில் இருக்கிறது. கட்டுரை எழுதியவர் இந்த ஒரு சோதனையைச் சொல்லியிருந்தாலே எத்தனையோ பேருக்குச் செலவு மிச்சம்.

மூன்றாவதாக மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நீளமாக ஒரு வயரை டிக்கி வரை இழுத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை ஆம்பின் எர்த் திருகிலும் வைத்து, பாட்டை உரக்க வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண் 0.6, 0.7 வோல்ட் என்று துள்ளியது. ஆம்பின் எர்த் வயரைக் காரின் தகரத்தோடு இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பெயிண்ட், ஒரு கீறல்கூட இல்லாமல், புது வண்டி போல. அத்தனை கரண்டும் போல்ட்டின் மரை வழியாகத் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. உப்புத்தாளை எடுத்துக் கட்டைவிரல் அகலத்துக்குத் தகரம் வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து, மறுபடி முறுக்கி, துருப்பிடிக்காமல் இருக்க மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மீட்டரில் 0.05. ஞொய்ங் போயே போய்விட்டது.

ஏன் இப்படி என்பது பெரிய ரகசியம் இல்லை. எஞ்சினோடு சுற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுமின்சாரம். உள்ளே இருக்கும் டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கி 14 வோல்ட் பக்கத்தில் வெளியே தருகின்றன. அந்த 14 வோல்ட் வழவழப்பாக இருப்பதில்லை, மேலே ஒரு சிற்றலை ஓடிக்கொண்டே இருக்கும், எஞ்சின் வேகம் கூடினால் சிற்றலையும் வேகமாகும். சுருதி ஏறுவது இதனால்தான். காரின் உடம்பே எர்த் என்பதால் ஆம்பின் எர்த் பிடிப்பு மோசமாக இருந்தால் கரண்டில் ஒரு பங்கு வேறு வழி தேடும், சிக்னல் கேபிளின் எர்த் கம்பி வழியாக ஹெட் யூனிட்டுக்குப் போய் அங்கிருந்து பாடியில் இறங்கும். ஹெட் யூனிட் தருவதே முழுச் சத்தத்தில் 2 வோல்ட், நல்லதாக இருந்தால் 4 வோல்ட். மெல்லிய இடங்களில் சில மில்லிவோல்ட்தான். அதோடு இந்தச் சிற்றலை கலந்தால் காதில் விழாமல் இருக்குமா? கேபிளைச் சுற்றி ஷீல்டு என்னும் உலோக உறையை எத்தனை போட்டாலும் இதைத் தடுக்காது, ஏனென்றால் சத்தம் வெளியிலிருந்து கேபிளுக்குள் நுழையவில்லை, கேபிளையே பாதையாக்கிக்கொண்டு போகிறது.

சரி, அப்படியானால் கேபிளை ஏன் மெனக்கெட்டு நாமே செய்ய வேண்டும் என்று கேட்கலாம். நீளத்துக்காக. கடையில் கிடைப்பது குறிப்பிட்ட சில நீளங்களில்தான். நம் வண்டிக்கு நாலேகால் மீட்டர் போதும் என்றால் ஐந்து மீட்டரோ ஆறு மீட்டரோ வாங்கி, மீதியைச் சுருட்டி ஆம்புக்குப் பின்னால் திணிக்க வேண்டும். இன்னொன்று, பின் இல்லாத வெறும் கேபிள் கதவோரப் பட்டைக்கு அடியிலும் சென்டர் கன்சோலின் சந்திலும் எலி மாதிரி நுழைந்துவிடும், தடித்த பின் இருந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். கேபிளை முதலில் ஓட்டிவிட்டு ஹெட் யூனிட் பக்கத்துப் பின்னை அங்கேயே உட்கார்ந்து பற்றவைக்கலாம். நாளைக்கு அறுந்தால் வெட்டி மறுபடி போடலாம், அச்சில் வார்த்த பின்னில் அது நடக்காது.

இதற்கு நான் எடுப்பது சாதாரண மைக் கேபிள். உள்ளே முறுக்கிய இரண்டு கம்பி, சுற்றிலும் பின்னல் ஷீல்டு. ஒரு கம்பி நடு ஊசிக்கு, இன்னொன்று வெளி வளையத்துக்கு, இரண்டு பக்கமும் அப்படித்தான். பின்னலை மட்டும் ஹெட் யூனிட் பக்கத்தில் வெளி வளையத்தோடு சேர்ப்பேன், ஆம்ப் பக்கத்தில் வெட்டி மூடிவிடுவேன். சில கேபிள்களில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், மின்சாரம் அந்தத் திசையில்தான் இனிமையாக ஓடும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதற்கு ஒரே நியாயமான பொருள், ஷீல்டு எந்தப் பக்கத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதுதான். ஒன்று, இப்படிச் செய்தாலும் எர்த் கோளாறு தீராது. அந்த இரண்டாவது கம்பி எர்த்துகளைச் சேர்த்துத்தானே வைத்திருக்கிறது.

பற்றவைக்கும்போது எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. பின்னின் மூடியையும் சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் முதலிலேயே கேபிளில் கோத்துவிட வேண்டும். நான் முதல் நாள் ஒரு பின்னை அழகாகப் பற்றவைத்து, ஊதி, தூக்கிப் பார்த்து ரசித்த பிறகு பார்த்தால் மூடி மேசைமேல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. வெட்டி மறுபடி செய்தேன். மூன்றாவது பின்னிலும் அதே. அடுத்த சிக்கல் சூடு. வெளி வளையத்தின் தகடு பெரிய உலோகம், சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஈயம் பிடிக்கவில்லையே என்று அயர்னை அழுத்திக்கொண்டிருந்தால் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் இளகி ஊசி கோணலாகச் சாய்ந்துவிடும். அதற்கு வழி, பழைய சாக்கெட் ஒன்றில் பின்னைச் சொருகி வைத்துக்கொண்டு பற்றவைப்பது. பிளாஸ்டிக் இளகினாலும் சாக்கெட் ஊசியை நேராகப் பிடித்துக்கொள்ளும். கம்பி முனைக்கும் தகட்டுக்கும் முன்கூட்டியே தனித்தனியாக ஈயம் பூசி வைத்தால் சேர்ப்பதற்கு இரண்டு வினாடி போதும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும், கைக்கு அடக்கமான 25 வாட் அயர்ன் தாராளம். ஈயம் ஒட்ட உதவும் ரோசின் ஃப்ளக்ஸ் உள்ள ஈயமாகப் பாருங்கள்; குழாய் வேலைக்கு வரும் ஆசிட் ஃப்ளக்ஸ் நாளாக நாளாகக் கம்பியையே அரித்துவிடும். அயர்னை எடுத்த பிறகு ஈயம் இறுகும் வரை கை ஆடக் கூடாது. ஆறியதும் பளபளப்பாக இருந்தால் நல்லது, மங்கலாக, பொரிபொரியாக இருந்தால் சரியாக ஒட்டாத டிரை சால்டர், காரின் அதிர்வில் ஒருநாள் விட்டுவிடும். பின்னில் கேபிளைக் கவ்வ இரண்டு கால்கள் இருக்கும், அவற்றை மேல்தோலின் மீதுதான் மடக்க வேண்டும், உள் கம்பியில் இல்லை. முடிந்ததும் மல்டிமீட்டரில் ஊசிக்கு ஊசி, வளையத்துக்கு வளையம் பீப் அடிக்க வேண்டும், ஊசிக்கும் வளையத்துக்கும் நடுவே அடிக்கவே கூடாது. கேபிளை ஆட்டிக்கொண்டே பாருங்கள், சும்மா வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

செம்பின் சுத்தத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு பத்தி முழுக்க இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.22 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டருக்கு 0.4 ஓம் வரும். ஆம்பின் இன்புட் 10,000 ஓம், பலதில் அதற்கும் மேல். அரை ஓம் என்றே வைத்தாலும் சிக்னலில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு குறையும், அதை எந்தக் காது கண்டுபிடிக்கும்? கேபிள் தனக்குள் கொஞ்சம் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மையான கெப்பாசிட்டன்ஸும் அப்படித்தான். மீட்டருக்கு 100 பிகோஃபாரட், ஹெட் யூனிட்டின் அவுட்புட் 600 ஓம் என்று வைத்தாலும் இந்த நீளத்தில் 5 லட்சம் ஹெர்ட்ஸை ஒட்டித்தான் சிக்னல் தெளிவாகக் குறையும். நமக்கு 20,000 கேட்டாலே பெரிய விஷயம். தங்க முலாம் நல்லதுதான், கறுக்காது, அவ்வளவே. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை மட்டும் தொடாதீர்கள், வளைத்தால் முறியும், பற்றவைப்பதும் ரோதனை.

சொருகும்போதும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். ஆர்சிஏ பின்னின் அமைப்பிலேயே ஒரு குறை, நடு ஊசி முதலில் தொடும், எர்த் பிறகுதான் சேரும். ரேடியோவோடு கிராமபோனைச் சேர்க்க வந்த பழைய காலத்துப் பின், பவர் ஓடும்போது சொருகுவார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். சில ஹெட் யூனிட்களில் அவுட்புட்டின் எர்த் பாதையில் துளியூண்டு ஃபியூஸ் ஒன்று இருக்கும், பவர் ஓடும்போது கேபிளை ஆட்டி அது போய்விட்டால் நேற்று வரை இல்லாத ஞொய்ங் இன்றைக்குத் தொடங்கும், பழி மறுபடி கேபிள்மேல். ஹெட் யூனிட்டின் உலோக உடம்பையும் பின்னின் வெளி வளையத்தையும் ஒரு கம்பியால் தொட்டுப் பாருங்கள், சத்தம் நின்றால் அதுதான்.

கடைசியாக, அந்தக் கட்டுரையோடு நீங்கள் போட்ட படம். அதில் பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயரும் சிக்னல் கேபிளும் கதவோரத்தில் ஒன்றாகச் சேர்த்து, முழ நீளத்துக்கு ஒரு கேபிள் டை வீதம் கட்டப்பட்டிருக்கின்றன. எர்த்தை எவ்வளவு சுத்தமாகத் தேய்த்தாலும் இப்படிக் கட்டினால் பவர் வயரின் காந்தப்புலம் பக்கத்துக் கேபிளில் ஏறத்தான் செய்யும். பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் மறுபக்கம், குறுக்கே கடந்தாக வேண்டும் என்றால் செங்குத்தாக. வேறு படம் இருந்தால் அடுத்த இதழில் ஒரு திருத்தத்தோடு போடுங்கள். படத்தைப் பார்த்து அப்படியே கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
மூன்று கேபிள்கள் உபரியாக வைத்திருக்கும் வாசகன்