பேராதனைப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கு

அன்புள்ள சேர்மாரே, டீச்சர்மாரே,

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஏற்றிவரும் பஸ் டிரைவர் எழுதுகிறேன். பேராதனைப் பூங்காவில் ஒவ்வொரு தடவையும் ஒரே கதைதான் காதில் விழுகிறது: உலக யுத்தத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு இங்கிருந்துதான் தென்கிழக்காசியப் படைகளை நடத்தினார். சரி, உண்மைதான். 1944 ஏப்ரலில் தலைமையகம் டெல்லியிலிருந்து இங்கே வந்தது. அதைச் சொன்ன கையோடு ஓர்க்கிட் பார்க்கப் போய்விடுகிறீர்கள்.

அதே ஏப்ரல் 13ஆம் திகதி, இந்தியாவின் மணிப்பூரில், இம்பாலுக்குப் பக்கத்தில் நுங்சிகும் என்ற மலையில் அந்தப் படைகளின் 'லீ' ரக டாங்கிகள் ஏறின. சமவெளியிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல். உச்சியில் ஜப்பானியரின் பதுங்கு குழிகள். ஒரு டாங்கி ஏறக்குறைய 27 தொன், உள்ளே ஆறேழு பேர்.

இறம்பொடை ஏற்றத்தில் பஸ் ஓட்டியவனுக்கு இதில் பாதியாவது விளங்கும். மூக்கு மேலே தூக்கிவிட்டால் முன்னால் வானம்தான், ரோடு தெரியாது. எனக்காவது பெரிய கண்ணாடி இருக்கிறது, வாசலில் தொங்கிக்கொண்டு 'ரைட், ரைட்' சொல்லக் கிளீனர் பையன் இருக்கிறான். டாங்கி டிரைவருக்கு இருந்தது கீறல் மாதிரி ஒரு திறப்பு. அதனால் கொமாண்டர்கள் மேல்மூடியைத் திறந்து, தலையை வெளியே நீட்டி வழி சொன்னார்கள். நீட்டிய தலைகளை ஜப்பானியர் குறிபார்த்துச் சுட்டார்கள். டாங்கி அதிகாரிகள் ஒருவர் மிச்சமில்லாமல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். கிராடொக் என்ற சார்ஜன்ட் மேஜர்தான் டாங்கிகளைப் பொறுப்பெடுத்தார். கூடப்போன டோக்ரா என்ற இந்தியக் காலாட்படைக்குப் பொறுப்பெடுத்தவர் சுபேதார் ரன்பீர் சிங். மலை பிடிபட்டது.

எனக்கு அந்த டிரைவரின் நினைப்புத்தான். காதில் வழி சொன்ன குரல் பாதியில் நிற்கிறது. இரண்டு பக்கமும் பள்ளம். கால் பிரேக்குக்குப் போயிருக்குமா, அக்சிலேட்டரிலேயே இருந்திருக்குமா?

டாங்கி என்றால் நம் பிள்ளைகளுக்கு வேறு யுத்தம் ஞாபகம் வரும், எதற்கு வம்பு என்று ஒரு சேர் கேட்டார். வரட்டுமே. அந்த டாங்கிக்குள்ளும் சம்பளத்துக்குப் போன ஒருவன் வேர்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

அடுத்த சுற்றுலாவில் புல்வெளியில் ஏழு பிள்ளைகளை முழங்கால் முட்ட நெருக்கி உட்கார வையுங்கள். முன்னால் இருப்பவனின் கண்ணைக் கட்டி, பென்சிலால் தாளில் ஒரு ரோடு கீறச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவன் வழி சொல்லட்டும். அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல் அவன் வாயைப் பொத்துங்கள். கண்ணைக் கட்ட என் துவாயைத் தருகிறேன், துவைத்ததுதான்.

இப்படிக்கு,
உங்கள் பஸ் டிரைவர்