பாப்பாவுக்கு, அந்த 160 ஜிபி பற்றி

அன்புள்ள பாப்பா,

நலமா? இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. அண்ணன் போன ஞாயிறு வந்துவிட்டுப் போனான். மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை, வேலை அதிகமாக இருக்கும், சரி. அதற்காக எழுதவில்லை. நீ விட்டுவிட்டுப் போன லேப்டாப் விஷயமாக எழுதுகிறேன்.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது. அப்டேட் ஏறவில்லை, இடம் போதாது என்கிறது. என்னென்னவோ அழித்துப் பார்த்தேன், இரண்டு நாளில் மறுபடி சிவப்பு. அப்போதுதான் விண்டோஸோடு சேர்த்து நீ போட்ட உபுண்டு, அந்த லினக்ஸ் சிஸ்டம், நினைவுக்கு வந்தது. ஒரே மெஷினில் எதற்கு இரண்டு சிஸ்டம் என்று அன்றைக்கே உன்னோடு சண்டை போட்டேனே, அதே உபுண்டு. இப்போது அதை யாரும் தொடுவதில்லை, எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்தால் சி-க்கு வலப்பக்கம் பெயரே இல்லாமல் இரண்டு பாகம். ஒன்று 152 ஜிபி, இன்னொன்று 8. சின்னது ஸ்வாப், மெமரி போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியதற்கு நேரே 100 சதவீதம் காலி என்று போட்டிருந்தது. லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 முறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, தெரியாததைக் காலி என்று காட்டுகிறது. நான் அதை நம்பிவிட்டேன். அழிக்கப் போகும்போது, இது விண்டோஸ் உருவாக்கியது அல்ல, வேறு சிஸ்டத்தின் தரவு இதில் இருக்கலாம், அழிக்கவா என்று கேட்டது. நன்றாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஆம் கொடுத்தேன். இரண்டுக்குமே.

மறுநாள் மெஷினைப் போட்டால் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில் கிரப் என்று ஒரு சொல், பக்கத்தில் மின்னிக்கொண்டிருக்கும் கோடு, அவ்வளவுதான். எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக் கை நடுங்கிவிட்டது. பிறகு பார்த்தால், ஆரம்பத்தில் எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்குமே, அந்த கிரப் தனியாக ஈஎஃப்ஐ பாகத்தில் இருக்கிறது, அதற்கு வேண்டிய மற்ற கோப்புகள்தான் நான் அழித்த பாகத்தில் இருந்தன. பயாஸுக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலாவதாக வைத்ததும் வந்துவிட்டது. அந்த ஈஎஃப்ஐ பாகத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது, 100 எம்பிதான், ஆனால் விண்டோஸும் அதிலிருந்துதான் கிளம்புகிறது. நீ எங்கே இந்த மாதிரி வேலை செய்தாலும் முதலில் நகல் எடுத்துவிடு. நகல் எடுக்காமல் எதையும் தொடாதே.

சரி, இடம் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. 160 ஜிபி கறுப்புப் பட்டையாக, ஒதுக்கப்படாதது என்று நிற்கிறது. ஆனால் சி-யைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகக் கிடக்கிறது, அழுத்தவே முடியவில்லை. சி-க்கு வலப்பக்கம் ஒட்டியபடி காலி இடம் இருந்தால்தான் அது வேலை செய்யுமாம். நடுவில் ஒரு ரிகவரி பாகம், விண்டோஸ் கெட்டால் சரிசெய்வதற்கானது, அரை ஜிபிகூட இல்லை, உட்கார்ந்திருக்கிறது. நீ உபுண்டு போட்டபோது அது அங்கே இருந்திருக்காது, அப்டேட் சில சமயம் சி-யின் வாலைக் கொஞ்சம் வெட்டிப் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். பென் டிரைவில் பாகங்களை நகர்த்தும் ஜிபார்ட்டெட் போட்டு அதைக் கடைசிக்கு நகர்த்தினால் வழி திறந்துவிடும். பாதியில் மின்சாரம் போகக் கூடாது, அதனால் பேட்டரி நிறைய வைத்து, சார்ஜரும் மாட்டி, பென் டிரைவும் தயார் செய்துவிட்டேன்.

அதற்கு நடுவில் இன்னொன்று. 500 ஜிபி டிஸ்க் என்று வாங்கினோம், விண்டோஸில் மொத்தமே 465தான் வருகிறது. அந்த 35 ஜிபியையும் நீதான் எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறாய் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அப்படி இல்லை. செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, இடம் எங்கும் போகவில்லை. அம்மாவிடமும் திருத்திச் சொல்லிவிட்டேன்.

அந்த நகர்த்தும் வேலையைத் தொடங்கப் போகும்போதுதான், கிளம்புகிற அன்று வாசலில் நின்று அதைத் தொடாதீங்கப்பா என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தது அந்த ஞாபகம் என்று தெரியவில்லை. உடனே நிறுத்திவிட்டேன். பாகத்தை அழித்தால் அட்டவணையில் இருக்கும் குறிப்புதான் போகிறது, மேலே எதையும் எழுதாதவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும் என்று படித்தேன். அழிந்த பாகங்களைத் தேடிக் கொடுக்க டெஸ்ட்டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது, இலவசம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அது உன் பாகத்தைக் கண்டுபிடித்தது. பி அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரெல்லாம் வரிசையாக வந்தன, பக்கத்தில் தேதியோடு. உன் கடவுச்சொல்லை அது கேட்கவே இல்லை பாப்பா. எனக்கு உன் அறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டேன். எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. ஆனால் பெயரும் தேதியும் கண்ணில் பட்டுவிட்டன. ஆய்வேடு என்று ஒரு ஃபோல்டர். அதில் மூன்றாம் அத்தியாயத்தின் தேதி, நீ கிளம்புவதற்கு எட்டு மாதம் முன்பே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரில் எதுவும் இல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. அந்த எட்டு மாதமும் நீ ராத்திரி முழுக்க அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாய். என் மகள் ஆய்வேடு முடிக்கப் போகிறாள், என் மகள் முடிக்கப் போகிறாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நிற்கும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன். நீ உள்ளே போய்விடுவாய். கூச்சம் என்று நினைத்தேன். எவ்வளவு எழுதியிருக்கிறாய், எங்கே நிற்கிறது, உனக்கு முடியவில்லையா, ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயோ என்னவோ. பெருமையடிக்கிற அப்பாவிடம் எப்படிச் சொல்வாய். அது என் தப்பு, பாப்பா. உபுண்டுவை அழித்ததைவிடப் பெரிய தப்பு.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன்.

நகல் எடுத்ததில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். அதனால் அந்த 160 ஜிபியைத் தொடாமல் வைத்திருக்கிறேன், சி சிவப்பாக இருந்தால் இருக்கட்டும். நல்லவேளை, இது சுற்றுகிற பழைய டிஸ்க், எஸ்எஸ்டி மாதிரி அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடாது, அவசரமில்லை. வேண்டியதெல்லாம் வந்துவிட்டது, நகர்த்திக்கொள்ளுங்கள் என்று நீ சொன்னால் நகர்த்துகிறேன். வேண்டாம் என்றால் அப்படியே கிடக்கட்டும். போனில் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு வரி எழுதினால்கூடப் போதும். நகல் எடுக்காமல் எதையும் தொடாதே.

அப்பா