சக்கரத்தில் வைத்த எலுமிச்சை

கரூர்,
ஐப்பசி 10

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதெல்லாம் கிடக்கட்டும். அமெரிக்காவில் நீங்கள் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் அந்த வீட்டு டிரெய்லரை டீலர் திரும்ப எடுத்துக்கொள்கிறார், அதைவிட ஆறடி நீளமான புது வண்டியைத் தருகிறார், மேற்கொண்டு கொஞ்சம் கடன் போட்டால் போதும், வெள்ளிக்கிழமை கையெழுத்து என்று நேற்று செய்தி அனுப்பியிருந்தாய். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்துப் போடாதே அம்மிணி. மாப்பிள்ளையிடமும் இதைப் படித்துக் காட்டு.

"விசாரிக்காமல் வாங்கிவிட்டேன் அப்பா" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். நீ விசாரித்தாய். நான்கு கடை ஏறி இறங்கினாய். கடையில் நிற்கும் டிரெய்லரில் சோபாவும் விளக்கும் அடுப்பும்தான் கண்ணில் படும். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் திறந்து காட்டுவதில்லை. 34 வருடம் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டிய நானே அன்று உள்ளே நுழைந்ததும், "அடேயப்பா, வீடு மாதிரி இருக்கிறதே" என்றுதானே சொன்னேன்!

ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகளுக்குப் போயிருந்தோமே, அந்த மூன்றாம் நாள் இரவை நினைத்துப் பார். மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்தன. பேரன் எழுந்து, "தாத்தா, தலையணை ஈரமாக இருக்கிறது" என்றான். அவன்தான் நனைத்துவிட்டான் என்று உன் அம்மா அவன் டிரவுசரைத் தொட்டுப் பார்த்தாள். பாவம், அது காய்ந்துதான் இருந்தது.

காலையில் நீங்கள் காபி போட்டுக்கொண்டிருந்தபோது நான் டார்ச் லைட்டோடு கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். அப்போது கண்டதில் பாதியைத்தான் உங்களிடம் சொன்னேன். பயணம் கெட்டுவிடக் கூடாது என்று மீதியை விழுங்கிவிட்டேன். பொத்தானை அழுத்தினால் சுவரோடு வெளியே நீளும் அந்த அறையின் மேல் மூலையில் நான்கு விரல் நீளத்துக்குச் சீலண்டே, அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பசையே, இல்லை. பூச மறந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு திருகு, மரச்சட்டத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அடித்தவன் சட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. மரச்சீவலை அழுத்திச் செய்த தரைப்பலகை ஓரத்தில் ஊறி, ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் மூட்டைக் கையால் இரண்டு சுற்றுத் திருகியதோடு விட்டிருந்தார்கள். வண்டியின் அடிவயிற்றை மூடியிருக்கிறதே கறுப்புப் பிளாஸ்டிக் தகடு, அதைத் தட்டினேன். உள்ளே தண்ணீர் தளும்பியது. எத்தனை நாள் தண்ணீரோ!

இதில் பொருளின் குற்றம் எவ்வளவு, வேலையின் குற்றம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் சுவர் ஒன்றரை அங்குல மரச்சட்டம். உள்பக்கம் மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டை ஸ்டேப்பிள் பின் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள், வெளியே நெளி அலுமினியத் தகடு. நம் ஊரில் கூண்டு கட்டுவது லாரி கனத்துச் சேஸிஸ் மேல். இன்னும் நூறு கிலோ கூடினாலும் என்ஜின் பேசாமல் இழுக்கும். டிரெய்லரை இழுப்பதோ குடும்பக் கார். எடை குறைய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் சீவிச் சீவி மெலிதாக்கிவிடுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெல்லிய பொருளைக் கொண்டு கட்டுகிறவனுக்குத்தான் கை நிதானம் அதிகம் வேண்டும். நெடுஞ்சாலையில் போகும்போது அந்த வீடு மணிக்கணக்கில் நிலநடுக்கத்தில் இருக்கிறது. ஒரு திருகு தப்பினால் அடுத்த திருகு அதன் பாரத்தையும் சுமக்கிறது.

நிதானம் ஏன் இல்லை என்பதை எல்க்ஹார்ட்டில் பார்த்தேன். நினைவிருக்கிறதா, இண்டியானாவுக்குப் போய் முதலில் அருங்காட்சியகம் பார்த்தோம். 1913ஆம் வருடத்து மர டிரெய்லர் ஒன்று அங்கே நிற்கிறது. அதை விட்டு வர எனக்கு மனமே இல்லை. பிறகு ஒரு தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டினார்கள். அமெரிக்காவில் ஓடும் இத்தகைய வண்டிகளில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தில்தான் பிறக்கிறது. விடிவதற்கு முன்பே வேலை தொடங்கி, மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். வெளியே ஆமிஷ் ஆட்களின், அதுதான் கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் அந்தக் கிறிஸ்தவச் சமூகத்தாரின், சைக்கிள்கள் வரிசையாக நின்றன. நல்ல கைகாரர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். வழிகாட்டியிடம் மாப்பிள்ளை விசாரித்துச் சொன்னார்: எத்தனை வண்டி முடிகிறதோ அதற்குத்தான் கூலி. நம் ஊர் பீஸ் ரேட்டுதான். ஒருவன் நின்று ஒரு திருகைக் கழற்றி மறுபடி அடித்தால் அந்த வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நஷ்டம். அப்புறம் எவன் நிற்பான்?

உங்கள் வண்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் அது செய்யப்பட்ட மாதத்தைப் படித்தேன். 2021 அக்டோபர். தொற்றுக் காலத்தில் விமானமும் விடுதியும் வேண்டாம் என்று ஜனங்கள் டிரெய்லருக்கு அலைமோதிய வருடம் அது. மோட்டார் பொருத்தியது, இழுத்துப் போவது எல்லாம் சேர்த்து அந்த ஒரே வருடத்தில் 6,00,240 வண்டிகளை அனுப்பினார்கள். அந்தத் தொழிலின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். பிறகு அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த அவசரத்தில் புதிதாகச் சேர்ந்த கை எது, பழகிய கை எது என்று யார் கண்டது? டீலர் முற்றத்தில் வெயிலும் பனியும் தின்று ஒன்றரை வருடம் நின்றதைத்தான் "புதியது, தள்ளுபடி" என்று உன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. நீ ஏழாம் வகுப்புப் படித்தபோது, தீபாவளிக்கு முன் ஐந்து பஸ்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. கடைசி வண்டிக்குத் தண்ணீர் அடித்துப் பார்க்காமலே அனுப்பினோம். பின் கண்ணாடி ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று எனக்குத் தெரியும். பத்து நாள் கழித்து வண்டி முதலாளி ஒரு நனைந்த ஜவுளி மூட்டையோடு பட்டறைக்கு வந்தார். ஒரு பயணியின் கல்யாணச் சேலைகள். எதுவும் பேசாமல் மூட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் வர முடிந்தது. அதுதான் வித்தியாசம். நம்மிடம் வண்டி கட்டக் கொடுப்பவர் வாரம் ஒரு முறை வந்து தகட்டைத் தட்டிப் பார்ப்பார், சிலர் கட்டிலைப் போட்டுப் பட்டறையிலேயே படுத்துவிடுவார்கள். எல்க்ஹார்ட்டில் திருகு அடித்தவன் உன் மகனின் தலையணையைப் பார்க்கப் போவதே இல்லை.

கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் முட்டை வடிவ முத்திரையைக் காட்டி, "மாமா, தரச் சான்று இருக்கிறது" என்றார் மாப்பிள்ளை. அதில் இருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். வண்டி, அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1192 என்ற விதிக்கும் மின்சார விதிகளுக்கும் உட்பட்டது என்கிறது. தீ, கேஸ், மின்சாரம், தண்ணீர்க் குழாய் பற்றிய விதிகள் அவை. தேவையானவைதான். அலமாரிக் கதவு நிற்குமா, மூலை ஒழுகுமா என்பதைப் பற்றி அந்த முத்திரைக்குக் கவலை இல்லை.

முதல் நாள் உன் அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்கினாளே, பக்கத்து வீட்டுக்காரர் விழித்துப் பார்த்தார். அந்த ஊரில் கோளாறான வண்டியைத்தான் எலுமிச்சை என்பார்களாம், அப்படி வாங்கி ஏமாந்தவர் நியாயம் கேட்க எலுமிச்சைச் சட்டம் என்றே ஒன்று இருக்கிறதாம். இதைச் சொன்னதிலிருந்து உன் அம்மா தன்னால்தான் வண்டி ஒழுகுகிறது என்று புலம்புகிறாள். அவளிடம் நீயே பேசு. அந்தச் சட்டம் பல மாநிலங்களில் இழுத்துப் போகும் வண்டிக்குக் கைகொடுப்பதில்லை. 1975ஆம் ஆண்டின் மத்திய அரசு வாரண்டிச் சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த வாரண்டியை நிறைவேற்றாவிட்டால் அதைக் கொண்டு வழக்குப் போடலாம். உங்களுக்கு ஒரு வருட வாரண்டி. வைகாசி வரை இருக்கிறது என்று நினைக்கிறேன், தேதியைப் பார். ஆகவே இப்போதே ஒவ்வொரு குறையையும் படம் எடுத்து, தேதி போட்டு, டீலருக்கும் தயாரித்தவர்களுக்கும் எழுத்தில் அனுப்பு. வாயால் சொன்னது காற்றோடு போகும்.

இனி கணக்கு. 32,000 டாலருக்கு வாங்கினீர்கள். 15 வருடக் கடன். இன்னும் 29,000 பாக்கி. டீலர் கொடுக்கிற விலை 19,000. மீதி 10,000 எங்கே போகும்? புதுக் கடனின் தலையில் ஏறும். நனைந்த தலையணைக்கும் சேர்த்து 15 வருடம் வட்டி கட்டுவாய். அந்தப் புது வண்டிக்கு வழவழப்பான சுவர், ஒழுகாது என்றாராமே! அது நுரைப் பலகையையும் பிளைவுட்டையும் பசையால் ஒட்டிய சுவர். சன்னல் ஓரமாகத் தண்ணீர் புகுந்தால் பசை விட்டுக் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் கிளம்பிய சுவரைத் தட்டிச் சரிசெய்ய முடியாது. அதையும் அதே ஊரில், அதே ஓட்டத்தில்தான் கட்டியிருப்பார்கள். அதன் குறைகளை நீ இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்; இதன் குறைகள் நமக்குத் தெரிந்தவை.

வாசனை பற்றியும் ஒரு வார்த்தை. புது வண்டி வாசம் என்று நீங்கள் ரசித்தீர்கள், எனக்குக் கண் எரிந்தது. கத்ரினா புயலில் வீடிழந்தவர்களைக் குடிவைத்த டிரெய்லர்களைச் சோதித்து, பலகைப் பசையிலிருந்து கசிந்து கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயு அவற்றில் அதிகம் என்று 2008இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொன்னது. பிறகு விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். இருந்தாலும் இருமல் உள்ள பிள்ளை. உங்கள் வண்டி இப்போதுதான் அந்த நெடி அடங்கி மூச்சுவிடுகிறது.

எப்படியும் வேறு வண்டிதான் வேண்டும் என்று மாப்பிள்ளை நினைத்தால், மின்னசோட்டாவில் ஸ்காம்ப் என்று ஒரு சின்ன வண்டி செய்கிறார்கள். படகு மாதிரி மேல் பாதி, கீழ் பாதி என்று ஃபைபர் கிளாஸில் வார்த்து ஒட்டுகிறார்கள். மூட்டு குறைந்தால் ஒழுகும் இடமும் குறையும். நீளம் ஆறடி கூடுவதற்குப் பதிலாகக் குறையும். எது வாங்கினாலும் பணம் கைமாறும் முன், டீலருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஈரமானியோடு உள்ளே அனுப்புங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: மூலைப் பலகையைக் கழற்றி, மின்விசிறி வைத்து ஒரு வாரம் காயவிடுங்கள். கடையில் கிடைக்கிறதே என்று சிலிக்கோன் பசையை அப்பிவிடாதீர்கள். அதன்மேல் பிறகு வேறெதுவும் ஒட்டாது. வாரண்டியில் அவர்கள் செய்தால் செய்யட்டும், பழைய சீலண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறார்களா என்று மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கூரை ஓரங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். நீ ஏறாதே.

கட்டிலுக்கு அடியில் இடது மூலையை வெளிச்சம் வைத்துப் படம் எடுத்து நாளைக்கே அனுப்பு. சித்திரையில் நாங்கள் வரும்போது என் ரப்பர் சுத்தியலையும் இரண்டு உளியையும் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா, விமான நிலையத்தில் விடுவார்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா