முழு மயக்கம் குடுத்தப்புறம் மரத்துப்போற மருந்து எதுக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார். அவங்க அம்மாவுக்கு பித்தப்பை கல்லு ஆபரேஷன் பண்ணின பில்லுல மயக்கத்துக்குன்னு தனியா ஒரு தொகை, அதுக்குக் கீழயே லிக்னோகெயின்னு ஒரு மருந்துக்கும் காசு, தேடிப் பாத்தா அது பல்லு புடுங்குறதுக்கு முன்னாடி ஈறுல போடுற மரத்துப்போற மருந்தாமே, ஆளையே மொத்தமா தூங்க வச்சுட்டு அப்புறம் எதை மரத்துப்போக வைக்கிறீங்க, இது பகல்கொள்ளை இல்லையான்னு கேட்டிருந்தார். எனக்கு மொதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் சங்கடமாப் போச்சு, ஏன்னா அந்தக் கேள்விக்கு ஆஸ்பத்திரியில யாராச்சும் ரெண்டு நிமிஷம் உக்காந்து பதில் சொல்லியிருந்தா அவரு பேப்பர் வரைக்கும் வந்திருக்க மாட்டாருல்ல. நான் 29 வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்டாஃப் நர்ஸா நின்னவ, இப்ப ரிட்டையர் ஆகி வில்லாபுரத்துல பேத்தியோட இருக்கேன், எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன்.

பித்தப்பைய இப்ப நாலு ஓட்டை போட்டு கேமரா விட்டுத்தான எடுக்குறாங்க. அதுக்கு வயித்துக்குள்ள கார்பன்டை ஆக்ஸைடு கேஸ அடிச்சு பலூன் மாதிரி உப்ப வைக்கணும், சதையெல்லாம் தளர்றதுக்கு ஒரு மருந்து போடணும், அதைப் போட்டா பேஷண்ட் தானா மூச்சு விட முடியாது, அதனால வாய் வழியா மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட்டு மெஷின்ல மாட்டிருவாங்க. அந்த டியூப் போடுறதுக்கு லாரிங்கோஸ்கோப்னு லைட் வச்ச ஒரு வளைஞ்ச இரும்புத் தகடு இருக்கு, அதை நாக்குக்கு மேலாக்க அடிநாக்கு வரைக்கும் விட்டு தூக்கினாத்தான் குரல்நாண் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தூக்குதான் விஷயமே. பேஷண்டுக்கு ஒண்ணும் தெரியாது, நல்லா தூங்கிட்டுத்தான் இருப்பாரு, ஆனா தொண்டையில இருக்குற நரம்பு சும்மா இருக்காது, யாரோ கழுத்தைப் புடிச்ச மாதிரி மேல சேதி அனுப்பும், ஒடம்பு அட்ரினலினை அள்ளிக் கொட்டும், பல்ஸும் பிரஷரும் கிடுகிடுன்னு ஏறும். சில செகண்டுலயே ஆரம்பிச்சு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல உச்சிக்குப் போயி, அஞ்சு பத்து நிமிஷத்துல தானா எறங்கிரும். 130 இருந்த மேல் பிரஷர் 200 தாண்டி மானிட்டர் கத்துறதை நான் எத்தனையோ வாட்டி பாத்திருக்கேன்.

வாலிபப் பயலுக்கு இது ஒரு பொருட்டே இல்ல, ஏறும் எறங்கும் அவ்வளவுதான். ஆனா ஏற்கனவே பிரஷர் இருக்கறவங்க, இதயத்துல அடைப்பு இருக்கறவங்க, மூளை ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கி அதுக்காகவே ஆபரேஷனுக்கு வந்தவங்க, பிரஷர் ஏறி வலிப்பு வர்ற நிலைமையில இருக்குற மாசமான பொண்ணுங்க, இவங்களுக்கெல்லாம் அந்த ரெண்டு நிமிஷம் சாதாரண ரெண்டு நிமிஷம் இல்ல.

இதுக்குத்தான் அந்த லிக்னோகெயின். டியூப் போடுறதுக்கு ஒண்ணரையில இருந்து மூணு நிமிஷம் முன்னாடி கையில இருக்குற ட்ரிப் வழியா குடுப்பாங்க, கிலோவுக்கு ஒண்ணரை மில்லிகிராம் கணக்கு. 60 கிலோ ஆளுன்னா 90 மில்லிகிராம், 2 சதவீத மருந்துல நாலரை மில்லி, அவ்வளவுதான். எங்க டாக்டரம்மா ஒருத்தங்க ஊசியைப் போட்டுட்டு "சிஸ்டர், கடிகாரத்தைப் பாருங்க"ன்னுவாங்க, நான் சுவத்துக் கடிகாரத்துல செகண்ட் முள்ளு ஒண்ணரை சுத்து சுத்துற வரைக்கும் எண்ணிட்டு நிப்பேன், அந்த நேரம் பூரா மாஸ்க்ல ஆக்ஸிஜன் ஓடிக்கிட்டே இருக்கும். போட்ட உடனே அவசரப்பட்டு டியூப்பை விட்டா மருந்து குடுத்ததுக்கும் குடுக்காததுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தொண்டையில ஸ்ப்ரேயா அடிக்கிற 10 சதவீத மருந்தும் உண்டு, ஒரு தடவை அமுக்கினா 10 மில்லிகிராம் வரும், ஆனா பாருங்க, அதை குரல்நாண் மேல அடிக்கணும்னாலே மொதல்ல அந்த இரும்பைக் குடுத்து தூக்கணும், எதைத் தடுக்கணும்னு நெனச்சமோ அது அங்கயே நடந்துரும்.

இந்த மருந்து ஒண்ணும் சர்வ ரோக நிவாரணி கிடையாது. பிரஷரை ஓரளவு புடிக்கும், பல்ஸை அந்த அளவுக்குப் புடிக்காது, ஆராய்ச்சி பண்ணினவங்களே நல்லா கேக்குதுன்னு சில பேரு, பெருசா ஒண்ணும் இல்லைன்னு சில பேருன்னு ரெண்டு பக்கமும் எழுதியிருக்காங்க. அதனால ஃபென்டனில், எஸ்மலால், டெக்ஸ்மெடிடோமிடின்னு வேற மருந்தும் சேத்தோ தனியாவோ குடுப்பாங்க. ஆனா ஃபென்டனில் போதை மருந்து சட்டத்துல வர்றது, லைசன்ஸு, ரெஜிஸ்டரு, பூட்டு சாவின்னு ஆயிரம் கணக்கு, லிக்னோகெயினுக்கு அந்தத் தொல்லை இல்ல, வெலையும் கம்மி, ஸ்வீடன்ல 1943ல கண்டுபிடிச்சு 1948ல விக்க ஆரம்பிச்ச பழைய மருந்து. நான் கேட்டா மருந்தை விட டாக்டர் கைதான் பெருசுன்னு சொல்லுவேன், 15 செகண்டுக்குள்ள டியூப்பை விட்டுட்டு கத்தியை வெளிய எடுக்கிற கையிருந்தா பாதி ஏத்தம் ஏறவே ஏறாது. (லாரிங்கோஸ்கோப்பைத்தான் நாங்க கத்திம்போம், பயந்துறாதீங்க.)

அந்த வாசகர் அம்மாவுக்கு இதுக்குத்தான் குடுத்தாங்கன்னும் நான் அடிச்சு சொல்ல மாட்டேன். பால் மாதிரி வெள்ளையா ஒரு மயக்க மருந்து இருக்கு, புரோபோஃபால்னு, அது நரம்புல ஏறும்போது கை தீயா எரியும், அந்த எரிச்சலுக்கும் லிக்னோகெயின்தான். டியூப்பை உருவும்போது இருமல் கொறையவும் குடுப்பாங்க. கடைசியில தையல் போடுற எடத்துல வலிக்காம இருக்க சர்ஜன் போட்டிருக்கலாம். ஆனா பல் டாக்டர் போடுறதுல பெரும்பாலும் அட்ரினலினும் கலந்திருக்கும், அதை நரம்புல போட்டா பிரஷரைக் கொறைக்க குடுத்தது பிரஷரை ஏத்திவிட்ட கதையாயிரும், பாட்டில் பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், அதனால லேபிளை சத்தமா படிக்காம நான் ஊசியில ஏத்தினதே இல்ல.

இன்னொண்ணு. இந்த மருந்து அளவு மிஞ்சினா நாக்கு மதமதங்கும், காதுல ரீங்காரம் கேக்கும், அப்புறம் வலிப்பு, அதுக்கும் மேல இதயத்துடிப்பே தடுமாறும். முழிச்சிருக்கறவரு நாக்கு ஒரு மாதிரியா இருக்குன்னு சொல்லிருவாரு, மயக்கத்துல இருக்கறவரு எப்படிச் சொல்லுவாரு? அதான் மயக்க டாக்டர் நரம்புல எவ்வளவு குடுத்தாரு, சர்ஜன் தையல்ல எவ்வளவு போட்டாருன்னு ரெண்டையும் ஒருத்தர் கூட்டி வைக்கணும். ரெண்டு பேரும் பேசிக்காத தியேட்டர்ல நான் நின்னிருக்கேன், அங்க கூட்டுற வேலை என் தலையிலதான்.

இப்ப நான் எழுத வந்த மெயின் விஷயம். மேலூர் பக்கத்துல இருந்து ஒரு ஐயா வந்தாரு, அம்பத்தெட்டு வயசு, இதே பித்தப்பை. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சா "அழகர் ஆத்துல எறங்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டுட்டு, திருவிழா வெயில்ல நாலு நாள் அலைஞ்சு, பிரஷர் மாத்திரையைத் தொடவே இல்ல. அப்புறம் அட்மிஷன் ஆனப்ப மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டா ஆமாம்னு தலையாட்டிட்டாரு. ஆபரேஷன் அன்னைக்கு வெறும் வயித்துல வரணும்னு சொன்னதுனால காலையிலயும் மாத்திரை இல்ல. டேபிள்ல 170 காட்டுச்சு, பயத்துல இருக்கும்னு நெனச்சோம். லிக்னோகெயினும் குடுத்து ஒண்ணரை நிமிஷமும் எண்ணித்தான் டியூப் போட்டது, 230க்குப் போயிருச்சு, டாக்டரம்மா வேற மருந்து போட்டு எறக்குறதுக்குள்ள எங்களுக்கு வேர்த்து ஊத்திருச்சு. ஐயா நல்லாத்தான் வீட்டுக்குப் போனாரு. ஆனா வெளிய வேப்பமரத்தடியில உக்காந்திருந்த சொந்தக்காரங்க "மயக்க ஊசியை கூடப் போட்டுட்டாங்க போல, அதான் லேட்டு"ன்னு பேசிக்கிட்டிருந்தது இன்னும் என் காதுல கெடக்கு. மூணாம் நாளு அவரு வீட்டுக்கார அம்மாதான் பைய எங்கிட்ட வந்து மாத்திரை கதையைச் சொன்னாங்க.

வெறும் வயிறுன்னா சோறு, டிபன், பால், காப்பி வேணாம்னு அர்த்தம், ஆறு மணி நேரம். வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்னாடி வரைக்கும் குடிக்கலாம்னுதான் பொதுவா சொல்றாங்க. பிரஷர் மாத்திரையில பெரும்பாலானதை அன்னைக்குக் காலையில ஒரு வாய் தண்ணியோட போட்டுக்கலாம், சில வகையை மட்டும் மொத நாளே நிறுத்தச் சொல்லுவாங்க, சுகர் மாத்திரைக்கு வேற கணக்கு, அதனால மாத்திரை அட்டையை அப்படியே மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டுப் போயி மயக்க டாக்டர் கையில குடுத்து எது போடணும் எது வேணாம்னு கேட்டுருங்க. நிறுத்தியிருந்தா நிறுத்திட்டேன்னு சொல்லிருங்க, திட்டு விழும், விழட்டும். உங்க பேப்பர்ல ராசிபலன் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி போட்டு இதை வாராவாரம் போட்டா நல்லது, அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் படிக்கிறாங்க.

பில்லைப் பத்தி அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை. மருந்து குடுத்தது தப்பில்லங்க. ஆனா 30 மில்லி பாட்டில்ல இருந்து அம்மாவுக்கு நாலஞ்சு மில்லிதான் எடுத்திருப்பாங்க, மிச்சத்தைக் கொட்டினாங்களா இல்ல அடுத்த பேஷண்ட் பில்லுலயும் அதே பாட்டிலை முழுசா ஏத்தினாங்களான்னு கேளுங்க, அது நியாயமான கேள்வி. தனியா போக சங்கடமா இருந்தா பேப்பர் ஆபீஸ் வழியா தகவல் சொல்லுங்க, நானும் கூட வர்றேன், பில்லுல இருக்குற சுருக்கெழுத்தெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியும்.

பேரு போட வேணாம்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ்,
வில்லாபுரம், மதுரை.