நாவலில் வராத 129 பெண்கள்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் அந்த அரசியல் அறிவியல் த்ரில்லர் நாவலுக்கு வந்த மதிப்புரையைப் படித்தேன். நாவலை முன்பே படித்துவிட்டேன், கீழே வைக்க விடவில்லை, அதில் சந்தேகமில்லை. அதிபர் மாளிகை, பூமிக்கடியில் ரகசிய ஆய்வகம், சாகக்கிடக்கும் தலைவரை, உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் வைத்துப் பிழைக்கவைக்கத் துடிக்கும் ஒரு கூட்டம், அதைத் தடுக்க அலையும் இன்னொரு கூட்டம். சரி, இந்த வகை நாவல் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு விஞ்ஞானியின் பொய்க்கு நாடே துணைபோவது நம்பும்படியாக இல்லை என்று மதிப்புரையாளர் குறைசொல்லியிருந்தார் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தென்கொரியாவில் அது அப்படியே நடந்தது. ரகசியமாகக்கூட இல்லை, ஊரறிய நடந்தது.

ஹ்வாங் ஊ-சுக், சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியர். பெண்ணின் கருமுட்டைக்குள் இன்னொரு செல்லின் உட்கருவை வைக்கும் குளோனிங் முறையில் மனிதக் கருவை உருவாக்கி, அதிலிருந்து ஒரு ஸ்டெம் செல் வரிசையை, அதாவது ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே இருக்கும் செல் கூட்டத்தை, எடுத்துவிட்டதாக 2004 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை போட்டார். 2005 மே மாதம் அடுத்த கட்டுரை, இந்த முறை நோயாளிகளின் தோல் செல்லை வைத்தே 11 வரிசைகள். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கும் நீரிழிவுக் குழந்தைக்கும் அவரவர் உடம்பு தள்ளிவிடாத செல் கிடைக்கப்போகிறது என்று உலகமே கொண்டாடியது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது கட்டுரை வருவதற்கு முன்பே கொரிய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டுவிட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர் எழுந்து, நடந்து, தாவி, கடைசியில் ஒருவரைக் கட்டிப்பிடிக்கிற படம். அன்றைக்கு ஹ்வாங்கின் செல்லால் எழுந்து நின்ற நோயாளி ஒருவர்கூடக் கிடையாது. அரசு அவருக்கு 'உச்ச விஞ்ஞானி' என்று பட்டமும் கொடுத்தது. இதை நாவலில் எழுதியிருந்தால் நம் மதிப்புரையாளர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப்பார்க்கிறேன்.

அவரிடம் முன்பு வேலைபார்த்த இளம் ஆய்வாளர் ஒருவர்தான் எம்.பி.சி. தொலைக்காட்சிக்குத் தகவல் கொடுத்தார். முதுகுத்தண்டு அடிபட்ட பத்து வயதுப் பையன் ஒருவனிடம் இதைச் சோதித்துப்பார்க்கத் திட்டம் இருந்ததுதான் தன்னை வாய்திறக்க வைத்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். 2005 நவம்பரில் நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் மக்களின் கோபம் யார் மேல் திரும்பியது? தொலைக்காட்சி மேல். விளம்பரதாரர்கள் விலகினார்கள், நிலையத்தின் வாசலில் மெழுகுவத்தி ஏந்திப் போராட்டம் நடந்தது, நாங்களும் கருமுட்டை தருகிறோம் என்று ஏராளமான பெண்கள் பெயர் கொடுத்தார்கள். தகவல் கொடுத்தவருக்கு வேலை போனது, மாதக்கணக்கில் மறைந்து வாழ்ந்தார். அப்புறம் கட்டுரையில் ஒரே படம் இரண்டு இடத்தில் வெவ்வேறு பெயரில் இருப்பதை இளம் விஞ்ஞானிகள் இணையத்தில் பிடித்துப்போட்டார்கள். 2006 ஜனவரியில் பல்கலைக்கழக விசாரணைக் குழு சொல்லிவிட்டது, 11 வரிசைகளில் ஒன்றுகூட உண்மை இல்லை. 'சயின்ஸ்' இரண்டு கட்டுரைகளையும் திரும்பப் பெற்றது.

பொய்க் கட்டுரை என்பது இதில் பாதிதான். என்னை உறுத்துவது மற்ற பாதி. முதல் கட்டுரைக்கு 242 கருமுட்டைகள், இரண்டாவதற்கு 185 என்று ஹ்வாங் கணக்கு எழுதியிருந்தார். விசாரணைக் குழு எண்ணிப்பார்த்தபோது 2002 கடைசியிலிருந்து மூன்று வருடத்தில் வாங்கியது 2,061. கொடுத்தவர்கள் 129 பெண்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவர்கள் இருந்தார்கள். அதைவிட மோசம், அவருடைய ஆய்வகத்தில் வேலைபார்த்த இளம்பெண்கள் இருவரும் கொடுத்திருந்தார்கள். ஆய்வகப் பெண்களிடம் தானத்துக்குச் சம்மதப் படிவம் நீட்டிக் கையெழுத்து வாங்கியதையும் குழு கண்டுபிடித்தது. கைடு ஒரு தாளை நீட்டினால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்பது நம் ஊரில் பிஎச்.டி. செய்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும்.

கருமுட்டை எடுப்பது ரத்ததானம் மாதிரி இல்லை. நாள்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டுச் சினைப்பையைத் தூண்டி, மயக்கம் கொடுத்து, ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்கு வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனையில் சேர்க்கிற நிலைகூட வரும். இவ்வளவையும் தாங்கிய பெண்கள் நாவலில் எங்கே? 'தானமாக வந்த முட்டைகள்' என்று ஒரே ஒரு வரி, அத்தோடு சரி. செல்லை எடுக்கக் கருவைச் சிதைக்க வேண்டும் என்பதால், மீதிப் பக்கம் முழுக்க, கரு எப்போது உயிராகிறது என்று அதிபரும் பாதிரியாரும் செனட்டரும் மாறிமாறிப் பேசுகிறார்கள். அமெரிக்க அரசியல் அப்படித்தான் சண்டைபோட்டது, மறுக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 9க்கு முன்பே உருவாக்கிய செல் வரிசைகளுக்கு மட்டும்தான் மத்திய அரசுப் பணம் என்று புஷ் கோடு போட்டார், 2009இல் ஒபாமா அதை எடுத்தார். நடுவில் ஜப்பானில் யமனகா என்ற விஞ்ஞானி, முட்டையும் வேண்டாம் கருவும் வேண்டாம், தோல் செல்லையே ஸ்டெம் செல்போல மாற்றலாம் என்று காட்டி 2012இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். அந்தப் பழைய வாதத்தின் சூடு பாதி ஆறிவிட்டது. யாருடைய உடம்பிலிருந்து எடுத்தாய், அவள் நிஜமாகவே சம்மதித்தாளா என்ற கேள்வி மட்டும் ஆறவில்லை.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இது தூரதேசத்துக் கதையும் இல்லை. 2022இல் ஈரோட்டில் 16 வயதுப் பெண்ணின் கருமுட்டையைப் பலமுறை விற்ற வழக்கு வெளிவந்தது, ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி நடந்த வியாபாரம். அது ஆராய்ச்சிக்கு இல்லை, குழந்தைப்பேறு சிகிச்சைக்குத்தான். ஆனாலும் முட்டை எங்கிருந்து வந்தது என்று வாங்குகிற இடத்தில் கேட்காமல் இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கருமுட்டை தரலாம், ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று 2021ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. அதற்கு அடுத்த வருடம்தான் இந்த வழக்கு.

அப்புறம் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. நாவலில் வில்லன் விஞ்ஞானி ஆய்வகம் வெடித்துச் சாகிறார், கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஹ்வாங்குக்கு 2009இல் நீதிமன்றம் கொடுத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அதுவும் ஆராய்ச்சிப் பணத்தைக் கையாடியதற்கும் கருமுட்டை விவகாரத்தில் சட்டத்தை மீறியதற்கும். ஒரு நாள் தண்டனையும் அனுபவிக்காமல் வெளியே இருந்தார். அவர் 2005இல் காட்டிய ஸ்னப்பி என்ற நாய்க்குட்டி மட்டும் நிஜமான குளோனிங் என்று அதே விசாரணைக் குழு உறுதிசெய்திருந்தது, அந்தக் கைவித்தையை வைத்து, செத்துப்போன செல்ல நாய்களைப் பணக்காரர்களுக்குக் குளோனிங் செய்து தரும் தொழிலை நடத்தினார். இப்படி ஒரு கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டுபோனால் எந்தப் பதிப்பாளர் ஒப்புக்கொள்வார், நீங்களே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோபிசெட்டிபாளையம்